மினுங்க மினுங்கத் தேயும் பெயின்ற்

கலியாண வீட்டுக்கு முந்திய கிழமை, வாகனம் கைமாறப் போகிற முதல் நாள், கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ சொந்தங்கள் வந்திறங்கப் போகிற காலம். கிளிநொச்சியில் ஆட்கள் பொலிஷ் கேட்டு வருவது பெரும்பாலும் இந்த நேரங்களில்தான். “அண்ணை, ஷோரூமிலை இருந்து இறக்கினமாதிரி மினுங்கவேணும்” என்பார்கள். கரடிப்போக்குச் சந்திப் பக்கம் ரிங்கரிங், பெயின்ரிங் செய்கிற கராஜ் என்னுடையது. பொலிஷ் மெசின் சுற்றினால்தான் எனக்குக் காசு. இருந்தும் வருகிறவர்களில் கனபேரைக் கழுவி மட்டும் அனுப்பிவிடுகிறேன். கோவித்துக்கொண்டு வேறு இடம் போனவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று விளங்கப்படுத்தி வாய் நோகிறது. பத்திரிகையில் ஒருதரம் எழுதிவிட்டால் வெட்டிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

பொலிஷ் என்றால் பூசுகிற சாமான் என்றுதான் எங்கள் சனம் நினைத்திருக்கிறது. பூசினால் பெயின்றுக்குச் சத்து ஏறும், நிறம் கூடும், மேல் தடிக்கும் என்று எண்ணம். உண்மையில் அது தேய்க்கிற சாமான். போத்திலுக்குள் இருக்கிற களியில் அலுமினியம் ஒக்சைட் போன்ற கரகரப்பான துகள்கள் கலந்திருக்கின்றன. விரலுக்கு வெண்ணெய் மாதிரித்தான் தெரியும். மெசின் சுற்றும்போது அவை பெயின்றின் மேற்பக்கத்தை அராவி எடுக்கின்றன. கத்தியைக் கல்லில் தீட்டுவதுபோலத்தான்: வாய் கூராகும், ஒவ்வொரு தீட்டலுக்கும் அலகு கொஞ்சம் குறையும்.

என் ஷெட்டில் சுவரோடு ஒரு பழைய பொனற் சாய்ந்து நிற்கிறது. வேலை பழக வருகிற பெடியளுக்கு அதுதான் கொப்பி. அதில் ஒரு இடத்தைத் தகடு தெரியும்வரை வோட்டர் பேப்பரால் வேண்டுமென்றே தேய்த்து வைத்திருக்கிறேன். நடுவில் வெறும் இரும்பு. அதைச் சுற்றி மங்கிய சாம்பலில் ஒரு வளையம். தொழிற்சாலையில் வாகனத்தின் கூட்டை முழுசாகத் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சி ஒட்ட வைக்கிற துருத்தடுப்புப் பூச்சு அது. அதற்கு வெளியே பிரைமர். பிறகு வெள்ளி நிறம். கடைசியாக, சரித்துப் பார்த்தால் மட்டும் விளிம்பு தெரிகிற கிளியர். இத்தனையும் சேர்த்தால் 100 முதல் 150 மைக்ரோன்வரை வரும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றுதான் மைக்ரோன். ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். கிளியர் மட்டும் 40, 50தான் தேறும். நாங்கள் மினுக்குகிறோம், கட் பண்ணுகிறோம் என்று சொல்வதெல்லாம் மயிரிலும் மெல்லிய இந்தப் படையில் நடக்கிற வேலை.

மினுக்கம் எப்படி வருகிறது என்று பெடியள் கேட்பார்கள். மேற்பரப்பு மட்டமாக இருந்தால் அதில் படுகிற வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பும், எங்கள் முகம் அதில் தெரியும். நுண்கீறல்கள் நிறைந்திருந்தால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும், பெயின்ற் மங்கலாகத் தெரியும். கீறலைப் பொலிஷால் நிரப்ப முடியாது. கீறலின் அடிமட்டம்வரை அதைச் சுற்றியிருக்கிற நல்ல இடத்தையும் தேய்த்து இறக்கினால்தான் கீறல் மறையும். மென்மையான பொலிஷ் என்றால் ஒன்றிரண்டு மைக்ரோன் போகும். தடித்த கொம்பவுண்ட் போட்டு மெசினால் அழுத்தி இழுத்தால் அதைவிடக் கூடப் போகும். ஒருதரம் இரண்டுதரம் தாங்கும். வருசா வருசம் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் இழுத்தால் தாங்காது.

இன்னொன்று. வெயிலில் இருக்கிற புறஊதாக்கதிரைத் தடுக்கிற மருந்து இந்தக் கிளியரில்தான் கலந்திருக்கிறது. கிளியர் மெலிந்தால் கீழே இருக்கிற நிறத்துக்குக் குடை இல்லை. பரந்தனிலோ வவுனியா பஸ் நிலையத்தடியிலோ நிற்கிற பழைய ஹயஸ் வான்களின் கூரையைப் பாருங்கள். வெள்ளையாகச் செதில் செதிலாக உரிந்திருக்கும். “வெயிலுக்குப் போச்சு அண்ணை” என்று சாரதி சொல்லுவார். வெயில் பாதி, மெசின் பாதி. உரிந்த கிளியருக்குப் பொலிஷால் ஒரு மருந்தும் இல்லை. தேய்த்துக் கழித்துத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும், அதற்கு வருகிற செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

ஆனால் சனத்தை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அடிக்கடி பொலிஷ் போடுகிற பழக்கம் சும்மா வந்ததில்லை. எங்கள் தகப்பன்மார் ஓடிய மொறிஸ் மைனர், ஏ-40 கார்களில் கிளியர் என்ற ஒன்றே இருக்கவில்லை. நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சில். 1920களில் அமெரிக்காவில் நைற்றோசெலுலோஸ் லாக்கர் வந்து கிழமைக்கணக்கான பெயின்ற் வேலையை நாள்கணக்காகச் சுருக்கியது. அந்த வழியில் வந்த பூச்சுகள்தான் அவை. வெயிலும் காற்றும் பட்டு மேற்பக்கம் செத்துச் சுண்ணாம்புபோலப் பூத்துப்போகும். பொலிஷ் போட்டுத் துடைத்தால் துணியில் காரின் நிறமே ஒட்டி வரும். செத்த படையைக் கழித்தால் கீழே உயிருள்ள நிறம் இருந்தது. அந்தப் பெயின்றுக்கு அந்தப் பழக்கம் சரி. 1980களுக்குப் பிறகு நிறத்துக்கு மேல் கிளியர் அடிக்கிற முறை உலகமெங்கும் பரவியது. பெயின்ற் மாறிவிட்டது, அப்பாவின் பொலிஷ் துணி மட்டும் அப்படியே கைமாறி வந்திருக்கிறது. இன்றைக்கு உங்கள் காரில் துணியில் நிறம் ஒட்டி வந்தால் சந்தோசப்படாதீர்கள். அந்த இடத்தில் கிளியர் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பிற்காலத்தில் ஒற்றைப் பூச்சில் வந்த சில வெள்ளை, சிவப்பு லொறிகள் மட்டும் இதற்கு விலக்கு.

அந்தப் பழைய கார்களுக்கு வன்னியில் இன்னொரு சரித்திரமும் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் மருந்துபோலக் கிடைத்தது. ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். புகையும் மணமும் சொல்லி வேலையில்லை. மினுக்கம் யாருக்கும் தேவைப்படவுமில்லை. மேலே விமானம் சுற்றுகிற நாட்டில் மினுங்குகிற பொனற் ஒரு ஆபத்து. சேறு பூசினோம், குழை கட்டினோம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபோது, ஓமந்தையைக் கடந்து வந்த கொழும்பு வான்களைச் சிறுபிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்ததைக் கண்டிருக்கிறேன். 2006 ஓகஸ்டில் பாதை திரும்பவும் பூட்டப்பட்டது. போரின் கடைசியில் என்ன நடந்தது என்பது தெரிந்ததே. முள்ளிவாய்க்கால் மணலில் குவிந்து கிடந்த வாகனங்களில் நெருப்புப் பட்டுப் பெயின்ற் போன இடமெல்லாம் துரு தின்றிருந்தது. பெயின்ற் எதற்காக இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பள்ளிக்கூடமும் காட்டாது. அழகு அதற்கு இரண்டாவது வேலை. இரும்புக்கும் ஈரத்துக்கும் நடுவில் நிற்பதுதான் முதல் வேலை. இவ்வளவையும் கண்டுவிட்டு வந்த சனம், லீசிங் காசில் எடுத்த வாகனம் கொஞ்சம் மினுங்கட்டும் என்று நினைப்பது எனக்கு விளங்குகிறது. அதனால்தான் மினுக்காதே என்று சொல்லவில்லை. எதால் மினுக்குகிறாய் என்று கேட்கச் சொல்கிறேன்.

கடைத் தட்டில் ‘பொலிஷ்’ என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள், உள்ளே இருப்பது வேறு வேறு. கட்டிங் கொம்பவுண்ட் ஆழமான கீறலுக்கு, நன்றாகத் தேய்க்கும். பொலிஷ் அதன் பிறகு கொம்பவுண்ட் விட்ட தடத்தை எடுப்பதற்கு, கொஞ்சம் தேய்க்கும். வக்ஸ் தேய்க்காது, மேலே ஒரு படையாக இருந்து தண்ணீரையும் அழுக்கையும் தள்ளும். எங்கள் ஆட்கள் நினைக்கிற ‘பூசுகிற சாமான்’ உண்மையில் வக்ஸ்தான். நல்ல வக்ஸில் சேர்க்கிற கார்னோபா மெழுகு பிறேசிலின் வடகிழக்கு வரட்சிப் பக்கத்தில் வளர்கிற ஒரு விசிறி ஓலை மரத்திலிருந்து வருகிறது. பனைக்கு உறவு. வெயிலில் ஓலை ஈரம் இழக்காமலிருக்க மரம் தனக்குத் தானே பூசிக்கொள்கிற மெழுகு அது. ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்து உதிர்த்து எடுக்கிறார்கள். எங்கள் பனைக்கு இப்படியொரு குணம் இருந்திருந்தால் பளையிலும் பூநகரியிலும் நாங்கள் எப்போதோ முதலாளிகள்! 80 பாகைக்கு மேல்தான் உருகும் என்றாலும், எங்கள் வெயிலுக்கும் புழுதிக்கும் சில கிழமைகளுக்கு மேல் நிற்காது. நிற்காவிட்டால் என்ன, திரும்பப் பூசலாம். பெயின்றில் ஒரு மைக்ரோனும் குறையாது.

இவை தவிர மறைக்கிற சாமான் ஒன்றும் இருக்கிறது. எண்ணெயும் சிலிக்கனும் கலந்தது. கீறலுக்குள் இறங்கி நின்று கீறல் இல்லாததுபோலக் காட்டும். ஐந்து நிமிசத்தில் வாகனம் கண்ணாடி. இரண்டு கழுவலில் கீறலெல்லாம் திரும்பி வரும். எங்கள் தொழிலுக்கு இந்தச் சிலிக்கன் ஒரு சனி. அது ஊறின இடத்தைச் சரியாகக் கழுவாமல் புதுப் பெயின்ற் அடித்தால் பெயின்ற் பிடிக்காமல் வட்ட வட்டமாகக் குழி விழும். மீன்கண் என்போம். அடித்த வேலை முழுவதும் பாழ். வாடிக்கையாளர் முறைப்பது பெயின்ரரை, சிலிக்கன் விட்டவர் எங்கேயோ இருப்பார்.

இனி எங்கள் புழுதி. துணுக்காய், நெடுங்கேணிப் பக்க உள்வீதிகளில் கிறவல் லொறிக்குப் பின்னால் போனவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தச் செம்புழுதியில் பளிங்கு மணல் உண்டு. பெயின்றைவிட அது எவ்வளவோ கடினம். காலையில் வாகனத்தை எடுக்க முதல் பழைய சாரத் துணியால் காய்ந்த பொனற்றை வட்டமாக ஒரு துடை துடைக்கிறார்களே, அதுதான் வன்னியில் பெயின்றைக் கெடுக்கிற முதல் எதிரி. துணி சுத்தமாக இருந்தாலும் துணிக்குக் கீழே அகப்பட்ட மணல் கீறிக்கொண்டு போகும். உச்சி வெயிலில் நின்று பார்த்தால் பொனற் முழுக்க வட்ட வட்டமாக நுண்கீறல் தெரியும். அதை எடுக்கப் பொலிஷ். மறுநாள் திரும்பவும் சாரத் துணி. இதைச் சொன்னால் “தூசோடை ஓடச் சொல்லுறியளோ?” என்று கேட்கிறார்கள். ஓமோம், ஓடுங்கள். பின்னேரம் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்கிவிட்டு, பிறகு மெல்லிய துணியைத் தொடுங்கள்.

தண்ணீரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கன இடங்களில் கிணற்று நீர் கல்நீர். கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் வெயிலில் கழுவிக் காயவிட்ட வாகனத்திலும் புள்ளி புள்ளியாக இருக்கிறது. கறுப்பு வாகனம் என்றால் அம்மை போட்டதுபோல. விடியப்புறமோ பின்னேரமோ நிழலில் கழுவி, காய முதல் ஒற்றித் துடைத்தால் இந்தப் புள்ளிக்காகக் கொம்பவுண்ட் போடவேண்டிய தேவையே வராது. துணி தோய்க்கிற தூளும் வேண்டாம், அது பூசின வக்ஸை முழுசாகக் கழுவிக்கொண்டு போய்விடும்.

பாலைப்பழக் காலத்தில் இன்னொரு வழக்கு வரும். இரவு மரத்தடியில் விட்ட வாகனத்தில் வௌவால் எச்சம். காகத்தின் எச்சமும் அப்படித்தான். மத்தியானச் சூட்டில் கிளியர் இளகும், எச்சத்தின் அமிலம் உள்ளே இறங்கும், பின்னேரம் கிளியர் ஆறிச் சுருங்கும்போது அந்த உருவத்திலேயே தடம் விழும். அன்றைக்கே ஈரத்துணியை அதன் மேல் கொஞ்ச நேரம் போட்டு ஊறவைத்துத் தூக்கி எடுத்தால் போயிற்று. காய்ந்ததை நகத்தால் சுரண்டிவிட்டு, பற்பசை தேய்த்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, கடைசியாக என்னிடம் கொண்டுவருகிறார்கள். பற்பசையிலும் தேய்க்கிற தூள் இருக்கிறது. மண்ணெண்ணெய் மினுக்கம் காட்டும், அடுத்த மணித்தியாலம் அதன் மேல் புழுதி அப்பிக்கொள்ளும்.

வாகனம் வாங்குகிறவர்களுக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழசுகளின் விலை எங்கேயோ போனது. பழசைப் புதுசாகக் காட்டுகிற வேலைக்கும் கிராக்கி வந்தது. திறந்த பிறகும் புது வாகனத்தின் விலையும் வரியும் எங்கள் ஆட்களுக்கு எட்டாததால் அந்தச் சந்தை படுத்துவிடவில்லை. பட்டா லொறி வாங்க வருகிறவர் பொனற்றில் முகம் பார்த்துவிட்டு முற்பணம் கட்டுகிறார். பொனற்றுக்குக் கட்டின நேரத்தில் பாதியை வாகனத்துக்குக் கீழே குனிந்து பார்க்கச் செலவழிக்கலாம். முல்லைத்தீவு, கொக்கிளாய், நாயாறு பக்கம் மீன் ஏற்றி ஓடின வாகனம் என்றால் ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்து ஒழுகி அடிச்சட்டத்தையும் கதவின் கீழ் விளிம்பையும் தின்றிருக்கும். மேலே மினுக்கம், கீழே பிஸ்கற். 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் நின்றபோது எத்தனை வாகனம் சீற்மட்டத்துக்கு மூழ்கியது. வெள்ளம் விட்ட சேற்றைப் பொலிஷ் எடுத்துவிடும். சீற் பெல்ற்றை முழுசாக இழுத்துப் பார்த்தால் அதன் அடியில் சேற்றுக் கோடு இன்னும் இருக்கலாம். பட்டி வைத்து மூடின இடத்தைப் பிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றிக் கதவிலும் மட்காட்டிலும் வைத்துப் பாருங்கள். தடித்த பட்டி இருக்கிற இடத்தில் வழுக்கி விழும். பிளாஸ்ரிக் பம்பரில் வைத்துவிட்டு ஒட்டவில்லையே என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

இப்போது செரமிக் கோட்டிங் என்று ஒன்று வந்திருக்கிறது. சாமான் பொய்யில்லை. கடினமான மெல்லிய படைதான், வக்ஸைவிடக் கனகாலம் நிற்கும். ஆனால் ஒட்டுசுட்டான் போய்வருகிற வழியில் லொறி டயர் தெறிக்கிற கல்லை அது மறிக்காது. மாட்டுக் கொம்பையும் மறிக்காது. அதைப் பூச முதல் பெயின்றை மட்டமாக்க வேண்டும் என்று திரும்பவும் கட் பண்ணுவார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு காசைக் கொடுங்கள்.

எங்கள் தொழில்காரருக்கும் ஒரு சொல். விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் கிளியர் மெல்லிசு. அங்கே மெசினை ஒரு கணம் கூட நிறுத்தினால் நிறம் எரிந்து பிரைமர் தெரியும். பெடியளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காமல் முதல் நாளே மெசினைக் கையில் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. அறிவியல் நகரில் 2016 முதல் இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிலையம் இயங்குகிறது, வாகனத் தொழில்நுட்பம் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கிருந்து வருகிறார்கள். சேர்விஸ் ஸ்ரேசன்களில் வாகனம் கழுவுகிற, மினுக்குகிற பெடியளுக்கு அங்கே சனி, ஞாயிறில் ஒரு குறுகிய வகுப்பு வைத்தால் முதல் ஆளாக என் பெடியளை அனுப்புவேன். பழைய பொனற்றையும் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

பெயின்றின் தடிப்பை அளக்கிற சின்ன மீற்றர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கூரை, பொனற், நாலு கதவு என்று அளந்து, மெசின் வைக்க முதலும் பிறகும் எவ்வளவு என்று பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். முதலில் சிரித்தார்கள். இப்போது வாகனம் விற்கப் போகிறவர்கள் அந்தப் பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், வாங்க வருகிறவர் கேட்கிறாராம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எங்கும் பொலிஷ் போடுகிற எல்லாரும் இதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கேட்கிற வாடிக்கையாளர் இருந்தால் போதும். அடுத்தமுறை சாவியைக் கொடுக்க முதல், என்ன சாமான் போடுகிறீர்கள், எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் “எல்லாம் பொலிஷ்தான் அண்ணை” என்றால், கழுவுகிற காசை மட்டும் கொடுத்துவிட்டு வாகனத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள்.